சேர்மனுக்கு முதுகைக் காட்டலாமா?

கிடங்கின் சுவரில் இயக்க விதிகள் மூன்றும் எழுதப்பட்டிருந்தன. எழுதச் சொன்னவர் மேலாளர். டைல்ஸ் பெட்டிகளை அடுக்குவதற்கென்று விட்டிருந்த சுவரில், நீல வண்ணத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு எழுதச் சொன்னார். எழுதிய பிறகு அந்தச் சுவரோரம் பெட்டி அடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. விதிகள் கண்ணில் பட வேண்டும் அல்லவா? ஆகவே பெட்டிகள் நடைபாதைக்கு வந்தன. நடைபாதையில் நடந்தவர்கள் வண்டி போகிற தடத்துக்கு வந்தார்கள். பாதுகாப்பு அங்கே இப்படித்தான் படிப்படியாகப் பரவியது.

மேலாளர் இயற்பியல் படித்தவர். எத்தனை முறை எழுதித் தேறினார் என்று யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஏதாவது ஒரு விதியை விளக்குவார்.

"சும்மா கிடக்கிற பொருள் சும்மாவேதான் கிடக்கும். வெளியிலேர்ந்து ஒரு விசை வந்து தள்ளினாத்தான் நகரும். நீங்க அந்தப் பொருள். நான் அந்த விசை. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டுவார்கள். கால்மணி நேரமாகத் தங்களைச் சும்மா நிறுத்தி வைத்திருப்பதும் அதே விசைதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். வந்தது அங்கேயே நின்றுகொள்ளும்.

சுமை கூடினால் அதே முடுக்கத்துக்கு விசையும் கூட வேண்டும் என்ற இரண்டாவது விதியை அவர் அவ்வளவாகத் தொடமாட்டார். ஆறு பேர் இறக்கிய சரக்கை அந்த வருடம் முதல் நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் கணக்கு உதைக்கும். மூன்றாவது விதிதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. "நிர்வாகத்தை நீங்க ஒரு தள்ளு தள்ளினா, நிர்வாகமும் உங்களை அதே அளவு திருப்பித் தள்ளும்" என்பார். 'அதே அளவு' என்பதில் மட்டும் அவர் கை கொஞ்சம் தாராளம்.

ஆட்கள் அவருக்கு முடுக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மணி தவிர வேறு எதற்கும் அவர் நடையைக் கூட்டி யாரும் பார்த்ததில்லை. பெயர் வைக்கிறவர்களுக்கு அதெல்லாம் ஒரு குறையா?

அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரே பெண்ணை எல்லாரும் வண்டியக்கா என்பார்கள். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களைப் பெட்டிகள் அடுக்கிய மரப்பலகையின் அடியில் செருகி, தூங்குகிறவன் தலைமாட்டிலிருந்து தலையணையை உருவுகிற மாதிரி, ஓசையில்லாமல் ஒரு டன் டைல்ஸைத் தூக்குவாள். ஒன்பது வருடமாகத் தூக்குகிறாள். ஒன்பது வருடமும் ஒப்பந்தக்காரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளை வேலையை விட்டு நிறுத்தி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, அந்தக் கிடங்கில் அவளைவிடப் பழைய ஆளும் கிடையாது, புதிய ஆளும் கிடையாது.

இதையெல்லாம் அவள் பெரிதாக நினைத்ததில்லை, வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து விழும்வரை. நிற்குமுன்பே இறங்கினார். அதுவும் பின்பக்கம் பார்த்து இறங்கினார். "பஸ் நின்னுச்சு, நான் நிக்கல" என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு ஆறு மாதம் தாங்கவில்லை. இடுப்பு மூட்டை மாற்றினால் நடப்பார், இல்லையென்றால் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியர்களுக்குக் கம்பெனி ஒரு மருத்துவ அட்டை தரும். அந்த அட்டை இருந்தால் குடும்பத்தில் யாருக்கும் அறுவை சிகிச்சை இலவசம். ஒப்பந்தக்காரிக்கு அட்டை கிடையாது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி உண்டு.

இந்த நேரத்தில்தான் அவளை நிரந்தரமாக்க முடிவாயிற்று. கிடங்கின் மேல்தளத்திலிருந்து கீழ் முற்றத்துக்குப் புதிதாக ஒரு சரிவுப் பாதை கட்டியிருந்தார்கள். சேர்மன் வந்து திறந்துவைக்கப்போகிறார். முதல் சுமையை வண்டியக்கா அந்தச் சரிவில் இறக்கிக் கொண்டுவந்து சேர்மன் முன்னால் நிறுத்துவாள். சேர்மன் கை தட்டுவார். பிறகு நிரந்தர ஆணையை அவர் கையாலேயே அவளுக்குக் கொடுப்பார். பெண், ஃபோர்க்லிஃப்ட், ஆணை, சேர்மன் நாலும் ஒரே படத்தில் விழும். அடுத்த புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டாள். அட்டை எண்ணைப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

ஒத்திகையில் அவள் எப்போதும்போல் சரிவில் வண்டியைப் பின்புறமாக இறக்கினாள். முடுக்கம் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது! பின்னாடி பின்னாடியே வர்றீங்க?"

"சுமையோட சரிவுல இறங்குறப்ப அப்படித்தான் சார் வரணும். நேரா வந்தா முன்பக்கம் தாழும். சுமை முன்னாடி சறுக்கும். பின்னாடி வந்தா சுமை என் பக்கமே சாஞ்சு நிக்கும்."

"அதெல்லாம் இருக்கட்டும். கீழே யாரு நிக்கப்போறா?"

"சேர்மன்."

"சேர்மனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா வருவீங்க?"

வண்டியக்கா வண்டியை அணைத்தாள். தராசில் வைக்கிற பொருளா, மரியாதை?

பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்த மெக்கானிக் வாயைத் திறந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற ஆள். பஸ்ஸிலிருந்து விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடாததால் அவள் வீட்டுக்காரரை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர்தான்.

"சார், அவங்க சொல்றது சரிதான். நேரா இறங்குறப்ப பிரேக் புடிச்சா வண்டி நிக்கும், டைல்ஸ் நிக்காது."

"இயக்க விதியை எனக்கே சொல்லித் தர்றியா நீ? சுவரைப் பாரு. அதை எழுத வெச்சது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப?"

அப்போ என்ன? எழுத வைத்தவர் மீது எழுத்து செல்லுபடியாகாது என்பதை மெக்கானிக் ஏற்றுக்கொண்டார்.

"சரி சார், பெட்டிகளைச் சுத்திப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிடறேன்" என்றாள் வண்டியக்கா.

"கட்டினா புது டிசைன் எப்படித் தெரியும்? பெட்டியே வேண்டாம். டைல்ஸை அப்படியே அடுக்குங்க. பளபளன்னு இருக்கணும்."

"காலிப் பெட்டியாவது வைப்போம் சார். கனம் இருக்காது."

முடுக்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "சேர்மனை ஏமாத்தச் சொல்றீங்களா? காலிப் பெட்டியைக் காட்டி? நாம அப்படிப்பட்ட கம்பெனியா?"

"எழுத்துல ஒரு வரி குடுத்துடுங்க சார், நேரா இறங்கச் சொன்னேன்னு."

அவர் சிரித்தார். பெரிய மனிதர்கள் சிறியவர்களிடம் ஒரு வரி கொடுக்க நேரும்போது சிரிக்கிற சிரிப்பு. "எழுத்து எதுக்கும்மா? நாம ஒரு குடும்பம் இல்லையா?"

வீட்டில் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே குலுங்கினார். குலுங்கியதில் இடுப்பு வலித்து முகம் கோணியது.

"பேசாம வண்டிக்குப் பின்னாடி உன் போட்டோவை ஒட்டிடு. எந்தப் பக்கம் வந்தாலும் மரியாதைதான்."

"சிரிப்பு வருதா உங்களுக்கு?"

"வேற என்ன வருது எனக்கு? எந்திரிச்சு உக்காரவே வர மாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவைதானே? மெதுவா வந்துடு. உன்னால முடியாததா?"

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி வந்துவிட்டால் போகிறது. நிறுத்தாமல் வரவேண்டும், அவ்வளவுதான். நிறுத்தினால்தான் வம்பு.

திறப்பு விழாவன்று சரிவின் இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். கீழே சிவப்பு விரிப்பின்மேல் சேர்மன். அவரைச் சுற்றி, காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூள் மாதிரி அதிகாரிகள். மேலே வண்டியக்கா புதுச்சீருடையில், கரங்களைப் பின்சாய்த்து, கட்டாத டைல்ஸ் ஒரு டன்னைத் தாங்கிக்கொண்டு நின்றாள். கொடி அசைந்தது. வண்டியை விட்டாள்.

முதல் பாதி அழகாக வந்தாள். இப்படி இறங்க முடியும் என்று அவளே நம்பத் தொடங்கியபோது சேர்மனுக்கு ஒரு ஃபோன் வந்தது. அவர் எடுத்து, "சொல்லு" என்று திரும்பி நின்றுகொண்டார். யாருக்கு முதுகு காட்டக் கூடாதென்று இத்தனை ஏற்பாடோ, அவர் தம் முதுகை ஒரு டன் டைல்ஸுக்கும் கம்பெனிக்கும் சேர்த்துக் காட்டியபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

முடுக்கம் பதறினார். சேர்மன் பார்க்காமல் வண்டி வந்து சேர்ந்துவிட்டால் விழாவுக்கு என்ன அர்த்தம்? சரிவின் நடுவே ஓடிவந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டி, "நில்லு! நில்லு!" என்றார்.

நிறுத்தாவிட்டால் அவர்மேல் ஏற்ற வேண்டும். நிறுத்தினாள். வண்டி நின்றது. டைல்ஸ் நிற்கவில்லை.

அது அவசரமே இல்லாமல் கிளம்பியது. மேலிருந்த நாலு வரிசை முதலில் நகர்ந்தது. 'நாங்கள் வந்துகொண்டிருந்தோமே, நிறுத்தச் சொல்லி எங்களிடம் யார் சொன்னது' என்பதுபோல. பிறகு மொத்தமும் சரிந்தது. அந்த ஒரு நாள் மட்டும் முடுக்கம் தம் பெயருக்குத் தகுந்தவராக இருந்தார். அவர் பூந்தொட்டிகளைத் தாண்டிய வேகத்துக்குச் சுவரில் எழுதிய எந்த விதியும் கணக்குச் சொல்லாது. யாருக்கும் அடியில்லை. ஒரே ஒரு சில்லு மட்டும் சிவப்பு விரிப்பில் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்மனின் காலணியைத் தொட்டு நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். குனிந்து காலணியைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

காலணியில் கீறல் விழுந்திருந்ததால் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று பேர். தலைவர், சேர்மனின் மச்சான். உறுப்பினர், மனிதவள அதிகாரி. யாரை வேலையை விட்டு அனுப்பும்போதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற நல்ல பெண்மணி. தொழில்நுட்ப நிபுணர் ஒருவரும் வேண்டும் என்றார்கள். இயக்க விதிகள் தெரிந்தவர் கம்பெனியில் யார் இருக்கிறார்? முடுக்கத்தையே போட்டார்கள்.

"ஏன் பிரேக் போட்டீங்க?" என்றார் மச்சான்.

"சார் கையைக் காட்டி நில்லுன்னாரு."

மச்சான் மேசைமேல் ஒரு புகைப்படத்தை நகர்த்தினார். அதில் முடுக்கம் உள்ளங்கையை விரித்து நின்றிருந்தார். "இதுவா? இது வரவேற்பு. வாங்க வாங்கன்னு கூப்பிடறாரு."

"வாங்கன்னு கூப்பிடறவரு வழியை மறிச்சுக்கிட்டா சார் நிப்பாரு?"

"உற்சாகம்" என்றார் முடுக்கம், எங்கேயோ பார்த்தபடி.

"சரி, பிரேக் போடலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

"சார் மேல ஏத்தியிருப்பேன்."

"அப்ப ஏத்துறதா, நிறுத்துறதான்னு முடிவெடுத்தது நீங்க. அவர் இல்ல. எழுதிக்குங்க."

மனிதவள அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு மற்ற இருவரையும் பார்க்க, அவர்கள் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்கப் போனார்கள். அந்த அம்மாள் கோப்பைத் திறந்து ஓர் உறையை எடுத்தார்.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம் மேடம்."

"உங்க நிரந்தர ஆணை. சேர்மன் கையெழுத்துப் போட்டாச்சு. தேதி மட்டும்தான் போடணும். உங்க வீட்டுக்காரருக்குப் புதன்கிழமையாமே?"

வண்டியக்கா உறையைப் பார்த்தாள்.

"உங்க மேல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணல. மெஷின் மேல இருக்கலாம் இல்லையா? பிரேக் சரியா இல்ல, ஒரு தடவை மிதிச்சா உதறிக்கிட்டு நிக்குதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, அது மெயின்டனன்ஸ் விஷயமாயிடும். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல."

"பிரேக்கை மெக்கானிக் அண்ணன் போன வாரம்தான் மாத்தினாரு. பட்டு மாதிரி இருக்கு மேடம்."

"அவருக்கு என்ன, ரெண்டு வருஷத்துல ஓய்வு. ஒரு எச்சரிக்கை குடுப்பாங்க. அவ்வளவுதான்." உறையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். "வீட்டுல யோசிச்சு வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா நாளைக்குக் காலைல அறிக்கை போயிடும்."

வண்டியக்கா உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக்காரரை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டாவது மாடித் திருப்பத்தில் மெக்கானிக் மூச்சு வாங்கியது அவளுக்குக் கேட்டது. "ஏம்ப்பா, சோத்துல கல்லு கலந்தா தின்ன?" என்று அவர் கேட்டதும் கேட்டது. இடுப்பு முறிந்த வலியிலும் வீட்டுக்காரர் சிரித்ததும் கேட்டது.

காகிதத்தை வாங்கினாள். 'பிரேக்' என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது. அவள் அழுத்தினாள். எழுதியது.

வீட்டில், "அட்டை வந்துரும்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்காரர் எப்படி என்று கேட்கவில்லை. நடக்கிற ஆசை வந்தவனுக்கு வழியைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை.

மறுநாள் மத்தியானம் அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டினார்கள். ஓட்டுநர், பிரேக்கில் குறை இருந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், குறை தெரிந்தும் வண்டியை எடுத்தது குற்றம், நீக்கம். மெக்கானிக், அந்த ஓட்டுநர் எப்போதும் வேகமாகத்தான் வருவார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், தெரிந்தும் சாவியைக் கொடுத்தது குற்றம், நீக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே மத்தளத்தையே இரண்டாகப் பிளந்து, ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்திருந்தார்கள்.

கடைசிப் பத்தி தொழில்நுட்ப நிபுணருடையது. 'ஒரு பொருளின்மேல் சமமான இரு விசைகள் எதிரெதிர்த் திசையில் செயல்படும்போது அப்பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்விவகாரத்தில் நிர்வாகம் அவ்வாறே இருக்கிறது.' சேர்மனுக்கு இந்த வரி மிகவும் பிடித்துப்போயிற்று என்றார்கள். எல்லாக் கிடங்குகளுக்கும் பாதுகாப்புத் தலைவராக முடுக்கம் உயர்த்தப்பட்டார். உயர்வதற்கு மட்டும் வெளியிலிருந்து விசை எதுவும் தேவைப்படவில்லை.

தலைக்கவசத்தையும் காலணியையும் வாசல் காவலரிடம் ஒப்படைக்க வரிசையில் நின்றபோது வண்டியக்காவுக்கு முன்னால் மெக்கானிக் நின்றிருந்தார். அவர் திரும்பவில்லை. காவலர் உள்ளே போய்ப் பதிவேட்டைத் தேடினார்.

"அந்தம்மா தண்ணி குடுத்துச்சா?" என்றார் மெக்கானிக், முன்னால் பார்த்தபடியே.

"கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன்."

"நான் குடிச்சேன்."

மெக்கானிக் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ வேகமா வந்தேன்னு போட்டேன்."

"மெதுவாத்தானேண்ணே வந்தேன்."

"தெரியும். ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்ல." அவர் தலைக்கவசத்தின் பட்டையைக் கழற்றி மாட்டினார், கழற்றி மாட்டினார். "கையெழுத்துப் போட்டா ஓய்வூதியத்துல கை வைக்க மாட்டோம்னாங்க. உனக்கு எச்சரிக்கையோட விட்டுருவோம்னாங்க."

"எங்கிட்டயும் அதேதான் சொன்னாங்க. உங்களுக்கு எச்சரிக்கைன்னு."

"பிரேக்கா?"

"பிரேக்."

"அந்தப் பிரேக் மாதிரி ஒரு பிரேக் இந்தக் கம்பெனில எந்த வண்டிக்கும் கிடையாது" என்றார் அவர். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

"தெரியும்ணே."

அவளுடைய ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி. ஒரு பெண் குரல், வரிசையாகப் பத்துப் பேருக்குப் பேசுகிற குரல், புதன்கிழமை படுக்கைக்கு அட்டை எண்ணைக் கேட்டது.

"அட்டை இல்லீங்க" என்றாள் வண்டியக்கா. "இல்லீங்க, அடுத்த வாரமும் வராது. அந்தத் தேதியை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அந்தக் குரல் நன்றி சொல்லி வைத்தது. காவலர் பதிவேட்டோடு வந்து இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார். மெக்கானிக் போட்டார். அவள் போட்டாள். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே வெயிலில் வந்து நின்றார்கள்.

"மாப்பிள்ளைகிட்ட நீ எப்படிச் சொல்லுவ?" என்றார் மெக்கானிக். "நான் வேணும்னா வந்து சொல்றேன். எங்கிட்ட கோவப்பட மாட்டாரு."

"வேண்டாண்ணே."

"ஏம்மா?"

"வந்தீங்கன்னா, பிரேக்குன்னு எழுதின கையால உங்களுக்கு டீ போட்டுக் குடுக்கணும்" என்றாள். "நீங்களும் குடிக்கணும்."